உடைமை மாறினால் அதிகாரம் மாறுமா? வட்டக்கோட்டையிலிருந்து சமதர்மம் குறித்து ஒரு விளக்கம்

சென்ற ஆண்டு இறுதி வகுப்பு மாணாக்கரைத் தியானக் கூட்டத்திற்காகக் கன்னியாகுமரிப் பகுதிக்கு அழைத்துச் சென்றிருந்தேன். இரண்டாம் நாள் மாலையில் வட்டக்கோட்டைக்குப் போனோம். கடலோரத்தில் கருங்கல்லால் எழுப்பப்பட்ட கோட்டை. மதில் ஏறத்தாழ 25 அடி உயரம். மதிலின்மேல் நின்றால் ஒரு புறம் கடலும், மறுபுறம் தென்னந்தோப்புகளுக்கு அப்பால் மேற்குத் தொடர்ச்சி மலையின் கடைசிக் குன்றுகளும் தெரியும். அங்கே நின்றுகொண்டு, பதினெட்டாம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் அரசு இக்கோட்டையைக் கட்டிய வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்தேன். டச்சுக் கம்பெனியை எதிர்த்து அரசர் மார்த்தாண்டவர்மா வெற்றி பெற்றார் என்று சொன்னபொழுது ஒரு மாணாக்கர் குறுக்கிட்டார்: “ஐயா, கம்பெனி தோற்றபின் மிளகு விளைவித்தவனுக்கு நல்ல விலை கிடைத்ததா?”

கேட்டவரின் தாயார் விளவங்கோடு வட்டாரத்தில் அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், வேலை செய்தவர். கூலி, விலை, எடை என்னும் சொற்கள் அவருக்குப் பாடநூலிலிருந்து வந்தவையல்ல. அன்று மாலை நான் சுருக்கமாகவே விடை சொன்னேன். அது போதாது என்று எனக்கே தோன்றியபடியால், நம் போதகர்களும் மாணாக்கரும் சிந்திக்கும்பொருட்டு அதைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் மிளகின் கதையைக் காண்போம். 1602இல் தொடங்கப்பட்ட டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, பங்குகளை விற்றுத் திரட்டிய மூலதனத்தைக்கொண்டு கடல்கடந்து வாணிகம் செய்த நிறுவனங்களில் முதன்மையானது. கோட்டை கட்டவும், படை வைக்கவும், உடன்படிக்கை செய்யவும் அதற்கு உரிமை அளிக்கப்பட்டிருந்தது. வணிகமும் வாளும் ஒரே கையில் இருந்தன. 1741இல் குளச்சலில் அக்கம்பெனியின் படை மார்த்தாண்டவர்மாவிடம் தோற்றது. சிறைப்பட்டவர்களுள் ஒருவரான டி லெனாய் பின்னர் திருவிதாங்கூர்ப் படையின் தளபதியானார்; கோட்டைகளைப் பலப்படுத்தும் பணியும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. வட்டக்கோட்டையின் பெயரும் அவர் பெயரோடு சேர்த்தே சொல்லப்படுகிறது. 1777இல் இறந்த அவருடைய கல்லறை உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது.

அந்நியக் கம்பெனி ஒன்று நம் மண்ணில் வீழ்ந்தது என்று மகிழ்ச்சியோடு நம் பிள்ளைகளுக்குச் சொல்லுகிறோம். அது தகும். ஆனால் 1743இல் மிளகு வாணிகத்தை அரசரே தம் ஏகபோகமாக்கிக்கொண்டார். விளைவித்தவன் தன் மிளகை அரசின் பண்டகசாலையில், அரசு குறித்த விலைக்குக் கொடுக்கவேண்டும். வேறு எவருக்கும் விற்கலாகாது. 1753இல் மாவேலிக்கரை உடன்படிக்கையின்படி அதே டச்சுக்காரருக்கு மிளகு விற்கவும், மாற்றாக அவர்களிடமிருந்து படைக்கலங்கள் வாங்கவும் அரசு இசைந்தது. இடையில் 1750இல் நாடு முழுவதும் பத்மநாபசுவாமிக்கு அர்ப்பணிக்கப்பட்டு, அரசர் அத்தெய்வத்தின் அடியாராக ஆளத் தொடங்கினார். இனி அரசரை எதிர்ப்பது தெய்வத்தை எதிர்ப்பதாகும். மிளகின் ஏகபோகம் நீங்குவதற்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதிவரை காத்திருக்கவேண்டியதாயிற்று.

எனவே அம்மாணாக்கரின் வினாவுக்கு விடை இதுதான்: உடைமையாளர் மாறினார், விளைவித்தவனுக்கும் அவன் விளைச்சலுக்கும் இடையே நின்ற அதிகாரம் மாறவில்லை. மார்த்தாண்டவர்மாவைச் சமதர்மவாதி என்று ஒருவரும் சொல்லப்போவதில்லை. ஆயினும் வாணிகனிடமிருந்து அரசுக்குச் சொத்தை மாற்றுவதே விடுதலை என்று எண்ணுவோர்க்கு, இக்கோட்டை ஓர் எச்சரிக்கையாகத் தோன்றுகிறது. இவ்வெச்சரிக்கையைச் சமதர்மவாதிகள் தாமே நூற்றைம்பது ஆண்டுகளாகத் தங்களுக்குள் விவாதித்து வந்திருக்கிறார்கள் என்பதை நம்மவருள் பலர் அறியார். சமதர்மம் என்றவுடன் நாத்திகம் என்று கதவைச் சாத்திக்கொண்டதனால் உள்ளே நடந்த உரையாடல் நம் செவிக்கு எட்டவில்லை.

முதலாளித்துவம் என்று அவர்கள் எதைச் சொல்லுகிறார்கள்?

பேராசையுள்ள செல்வரின் குணக்கேடே முதலாளித்துவம் என்பது நம் பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கும் விளக்கம். மார்க்ஸ் அவ்வாறு சொல்லவில்லை. 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதற்பாகத்தில் அவர் ஆராய்ந்தது ஓர் உறவு முறையை. உற்பத்திச் சாதனங்கள் சிலர் கையில் இருக்கின்றன. உழைப்புச் சக்தி ஒன்றைத் தவிர விற்பதற்கு வேறொன்றும் இல்லாதவர் பலர் இருக்கின்றனர். தொழிலாளி தன் கூலிக்கு ஈடான மதிப்பை வேலைநாளின் ஒரு பகுதியிலேயே உண்டாக்கிவிடுகிறான். எஞ்சிய நேரத்தில் உண்டாக்குவது உபரி மதிப்பாக உடைமையாளரைச் சேருகிறது. முதலாளி நல்லவராயிருந்தாலும் இம்முறையில் வேறு விதமாக நடந்தால் போட்டியில் நிலைக்கமாட்டார். ஆகவே குணம் மாறுவது மட்டும் போதாது என்பது மார்க்ஸின் துணிபு. இதற்கு எதிராகப் பொருளியலார் பலர் மதிப்புக் கொள்கையையே மறுத்திருக்கின்றனர். அவ்வாதத்திற்குள் இங்கே புக வேண்டியதில்லை. உறவு முறை என்னும் பார்வையே நமக்கு முக்கியம்.

நம் கடற்கரையில் இதை எளிதாகக் காணலாம். கட்டுமரத்தில் போகும் மூவர் பிடித்துவந்த மீனை விற்றால், வலைக்கும் மரத்துக்கும் ஒரு பங்கு ஒதுக்கி மீதியைப் பகிர்ந்துகொள்வர். மரமும் வலையும் பெரும்பாலும் ஏறியவருள் ஒருவருடையவை. அவரும் அதே அலையில் நனைகிறார். விசைப்படகு வந்தபின் படகுக்கும் எந்திரத்துக்கும் வலைக்குமான பங்கு பெரிதாகிறது. உரிமையாளர் கரையிலேயே இருக்கலாம். கடலும் மீனும் மாறவில்லை. இழுக்கும் கையும் அதே கைதான். பங்கு பிரிக்கும் கோடுதான் இடம் மாறியது. அக்கோட்டை எவர் கீறுகிறார் என்பதே அரசியல்.

முதலாளித்துவத்தை வெறும் தீமையாகவும் மார்க்ஸ் கருதவில்லை. நம் நாகர்கோவில் வரலாற்றில் இதற்கு ஓர் அருமையான சான்று உண்டு. இலண்டன் மிஷன் அருட்பணியாளர் மால்ட் அவர்களின் மனைவி மார்த்தா மால்ட் அம்மையார் 1820களில் இங்கே பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அன்று திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி நிலவியது. 1855ஆம் ஆண்டு அறிக்கையால்தான் அது ஒழிந்தது. அடிமைப் பெண்கள் சிலர் லேஸ் பின்னிச் சேர்த்த கூலியைக்கொண்டு தங்கள் விடுதலையை விலைகொடுத்து வாங்கினர் என்று மிஷன் வரலாறு கூறுகிறது. கூலி என்பது அவர்களுக்கு அடிமைத்தளையை அறுத்த கத்தியாயிற்று. மார்க்ஸ் கூலித் தொழிலாளியை இரட்டை அர்த்தத்தில் ‘சுதந்தரமானவன்’ என்பார்: ஆண்டானின் கட்டிலிருந்து விடுபட்டவன், உடைமை எதுவும் இல்லாதபடி அதிலிருந்தும் ‘விடுபட்டவன்’. லேஸ் பின்னிய பெண் இவ்விரண்டையும் ஒரே நாளில் பெற்றாள். நம் சபைகளின் பாட்டிமார் அவர்களே. கூலி முறையை நாம் போற்றுவதானாலும் கண்டிப்பதானாலும் இந்த இரு முகங்களையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

அதிகாரம் பற்றிய சச்சரவு

இனி நம் வினாவின் நடுப்பகுதிக்கு வருவோம். உடைமை பொதுவாகிவிட்டால் அதிகாரம் என்னவாகும்?

1872ஆம் ஆண்டு செப்டம்பரில் ஹேகில் கூடிய முதலாம் அகிலத்தின் மாநாட்டில் ருசியரான பகூனின் வெளியேற்றப்பட்டார். அவருக்கும் மார்க்ஸுக்கும் இருந்த பிணக்கு ஆள் பிணக்கு மாத்திரமன்று. தொழிலாளரின் பேராளர்கள் அரசுப் பீடத்தில் ஏறியவுடன் அவர்கள் தொழிலாளராயிருப்பது நின்றுவிடும். மக்களை மேலிருந்து பார்க்கத் தொடங்குவார்கள். அறிஞர் சிலரின் ஆட்சியே மிஞ்சும் என்பது பகூனினின் அச்சம். அரசை முதல் நாளிலேயே ஒழிக்கவேண்டும் என்றார் அவர். அதே ஆண்டில் எங்கல்ஸ் அதிகாரத்தைக் குறித்து ஒரு சிறு கட்டுரை எழுதினார். நூற்பாலை, இருப்புப்பாதை, நடுக்கடலில் செல்லும் கப்பல் ஆகிய மூன்றையும் காட்டி, பலர் சேர்ந்து செய்யும் பெருந்தொழிலில் ஒருவருடைய கட்டளைக்கு மற்றவர் பணிவது தவிர்க்கவியலாதது என்று வாதிட்டார். புயலில் சிக்கிய கப்பலில் வாக்கெடுப்பு நடத்த நேரம் ஏது?

எங்கல்ஸின் வாதம் வலுவுடையதுதான். ஆனால் கட்டுமரத்தில் ஏறும் மூவரை நான் நினைத்துப்பார்க்கிறேன். அங்கும் ஒருவர் சொல்ல மற்றவர் கேட்கத்தான் செய்கிறார்கள். அனுபவமுள்ளவர் சொல்லுகிறார், கரைக்கு வந்தபின் அவர் சொல்லுக்கு அந்த எடை இல்லை. வேலையிலிருந்து பிறக்கும் அதிகாரம் வேறு, வேலை முடிந்த பின்னும் வீட்டுக்குள் தொடர்ந்து வரும் அதிகாரம் வேறு. எங்கல்ஸ் இவ்வேறுபாட்டைப் போதிய அளவு வலியுறுத்தவில்லை என்பது என் கருத்து. நூற்பாலை மேற்பார்வையாளரை நியமிப்பவர் யார், நீக்குபவர் யார் என்பதை அவர் அக்கட்டுரையில் கேட்கவேயில்லை.

மார்க்ஸ் ஒரு முறை கேட்டார். 1871இல் பாரிஸ் நகரத் தொழிலாளர் சில வாரங்கள் ஆண்ட கம்யூனைக் குறித்து எழுதியபோது, அங்கே பேராளர் எவரையும் மக்கள் திரும்ப அழைக்கலாம், பதவியிலிருப்பவர் தொழிலாளியின் சம்பளமே பெறுவர் என்பவற்றை அவர் பெரிதும் பாராட்டினார். 1875இல் எழுதிய கோத்தா வேலைத்திட்ட விமரிசனத்தில் பாதை இரு கட்டங்களாக வகுக்கப்படுகிறது. முதற்கட்டத்தில் அவரவர் உழைப்பின் அளவுக்கு ஏற்பப் பெறுவர். உயர்ந்த கட்டத்தில் அவரவர் தேவைக்கு ஏற்பப் பெறுவர். நம் தமிழ் வழக்கில் முதலாவதைச் சமதர்மம் என்றும் இரண்டாவதைப் பொதுவுடைமை என்றும் பிரித்துச் சொல்லலாம். எனினும் 1923 மே முதல் நாளில் சென்னையில் மே தினம் கொண்டாடிய சிங்காரவேலரும், பூதப்பாண்டி தந்த ஜீவானந்தமும் வாழ்ந்த நாளில் இவ்விரு சொற்களும் கலந்தே வழங்கின. முதலாளித்துவத்துக்கும் பொதுவுடைமைக்கும் இடையில் பாட்டாளி வர்க்கச் சர்வாதிகாரம் என்னும் மாறுதற் காலம் உண்டு என்றார் மார்க்ஸ். அதன் கால அளவையோ, அதை முடித்துவைப்பவர் யார் என்பதையோ அவர் வரையறுக்கவில்லை.

லெனின் 1917இல் எழுதிய ‘அரசும் புரட்சியும்’ என்னும் நூலில் வர்க்கங்கள் மறையுந்தோறும் அரசு உலர்ந்து உதிரும் என்றார். நடந்தது வேறு. 1918இல் ஜெர்மன் சிறையிலிருந்த ரோசா லுக்சம்பர்க், ருசியப் புரட்சியை வாழ்த்திக்கொண்டே, மாற்றுக் கருத்துடையோர்க்கு உரிமை இல்லாத இடத்தில் பொதுவாழ்வு உறங்கிவிடும், அதிகாரிகளே எஞ்சுவர் என்று எச்சரித்தார். 1921 மார்ச்சில் கிரோன்ஸ்டாட் துறைமுகக் கடற்படையினர் சோவியத்துகளுக்குச் சுதந்தரமான தேர்தல் கேட்டபோது அவர்கள்மேல் செம்படை ஏவப்பட்டது. பிறகு ஸ்டாலின் காலத்துக் கட்டாய உழைப்பு முகாம்களை எல்லாரும் அறிவர். யுகோஸ்லாவியக் கட்சித் தலைவர்களுள் ஒருவராயிருந்து சிறைப்பட்ட மிலோவான் ஜிலாஸ், 1957இல் வெளிவந்த ‘புதிய வர்க்கம்’ என்னும் நூலில், பொதுச் சொத்தை நிருவகிக்கும் கட்சி அதிகாரிகளே புதிய உடைமை வர்க்கமாகிவிட்டனர் என்று எழுதினார். 1991 டிசம்பரில் சோவியத் ஒன்றியம் கலைந்தது. அரசு உதிரத்தான் செய்தது. மார்க்ஸ் எண்ணிய முறையில் அன்று.

நம் மாவட்டத்தில் நடந்தது

இவையெல்லாம் தூரதேசத்துக் கதைகள் என்று ஒருவர் எண்ணக்கூடும். ஆகவே நம் வாசலில் நடந்ததைச் சொல்லவேண்டும்.

சிறுவனாயிருந்தபொழுது என் தந்தையார் வாயிலாக நான் கேட்ட முதல் அரசியல் வாக்கியம், “சோஷலிஸ்டுக்காரன் வெடி வைத்தான்” என்பதே. வெடிவைப்பு என்றால் எங்கள் பக்கத்தில் துப்பாக்கிச் சூடு. ஆகையால் சோஷலிஸ்டு என்பது ஒரு வகைப் போலீசுக்காரருக்குப் பெயர் என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன்.

1954ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப் பின் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில், 19 உறுப்பினரை மட்டுமே பெற்றிருந்த பிரஜா சோஷலிஸ்டுக் கட்சி, காங்கிரசின் வெளி ஆதரவோடு மார்ச்சு மாதத்தில் ஆட்சி அமைத்தது. முதலமைச்சர் பட்டம் தாணுப்பிள்ளை. இவர் 1938இல் திவான் சர் சி. பி. இராமசாமி ஐயரின் ஆட்சியை எதிர்த்துப் பொறுப்பாட்சி கேட்ட ஸ்டேட் காங்கிரசின் தலைவர். அவ்வாண்டு நெய்யாற்றின்கரையில் மக்கள்மேல் துப்பாக்கிச் சூடு நடந்தபோது சுடப்பட்டவரின் பக்கம் நின்றவர். தமிழ்த் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு இணையவேண்டும் என்று ஏ. நேசமணி அவர்களின் தலைமையில் திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் கிளர்ச்சி செய்தது. நேசமணி நம் சபையைச் சேர்ந்தவர் என்பதைச் சொல்லத் தேவையில்லை. 1954 ஆகஸ்டு 11ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் ஊர்வலத்தினர்மேல் போலீசார் சுட்டனர். உயிர்கள் பலியாயின.

பிரஜா சோஷலிஸ்டுக் கட்சியின் பொதுச் செயலாளர் ராம் மனோகர் லோகியா அப்பொழுது உத்தரப்பிரதேசக் கிளர்ச்சி ஒன்றில் கைதாகி நைனி சிறையில் இருந்தார். அங்கிருந்தே தம் கட்சி அமைச்சரவை பதவி விலகவேண்டும், நீதி விசாரணை நடைபெறவேண்டும் என்று கேட்டார். காங்கிரஸ் அரசுகள் சுட்டபோதெல்லாம் விசாரணை கேட்ட நாம், நாமே சுட்டுவிட்டுப் பீடத்தில் இருக்கலாமா என்பது அவர் வாதத்தின் சாரம். கட்சித் தலைமை துப்பாக்கிச் சூட்டுக்கு வருந்தியது. பதவி விலகலை ஏற்கவில்லை. அவர்கள் தரப்பிலும் நியாயம் உண்டு. சிறுபான்மை அரசு ஒன்று, கலகம் நேரும்போது ஒழுங்கைக் காக்கவேண்டாமா? பதவியை உதறிவிட்டால் ஏழைகளுக்கான திட்டங்களை யார் நிறைவேற்றுவார்? லோகியா பொதுச் செயலாளர் பதவியைத் துறந்தார். 1955 பிப்ரவரியில் காங்கிரஸ் தன் ஆதரவை விலக்க, அமைச்சரவை எப்படியும் வீழ்ந்தது. அவ்வாண்டு முடிவில் லோகியா தனிக் கட்சி கண்டார். 1956 நவம்பர் முதல் நாளில் நான்கு தாலுகாக்களும் கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்தில் இணைந்தன.

இந்நிகழ்ச்சியைப் பொதுவாக மொழிப் போராட்ட வரலாறாகவே படிக்கிறோம். இந்தியச் சமதர்ம இயக்கம் தன்னைத் தானே நியாயந்தீர்த்துக்கொண்ட இடமும் மார்த்தாண்டமே என்பதை மறந்துவிடுகிறோம். லோகியாவின் பிடிவாதத்துக்குப் பின்னால் ஒரு கோட்பாடு இருந்தது. 1952இல் பச்மரியில் கூடிய சோஷலிஸ்டு மாநாட்டின் தலைமையுரையில், முதலாளித்துவமும் கம்யூனிசமும் இந்தியாவுக்கு ஒரே அளவில் பொருந்தாதவை என்றார் அவர். பேரெந்திரமும் குவிந்த அதிகாரமும் இரண்டுக்கும் பொது. உடைமைப் பத்திரத்தில் உள்ள பெயர்தான் வேறு. எனவே சிறு எந்திரம், கிராமம் மாவட்டம் மாநிலம் நடுவணரசு என்று நான்கு தூண்களில் பகிர்ந்த அதிகாரம் ஆகியவற்றை அவர் முன்வைத்தார். இதன் பொருளியல் நடைமுறைக்கு ஒத்துவருமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. ஆனால் சென்றடையும் இடத்தின் தன்மை நடந்துசெல்லும் வழியிலேயே தெரியவேண்டும் என்னும் அவருடைய கொள்கையை மறுப்பது எளிதன்று.

லோகியாவின் கட்சியாருக்கு மட்டும் நேர்ந்த சோதனை அன்று இது. 1957 ஏப்ரலில் கேரளத்தில் ஈ. எம். எஸ். நம்பூதிரிபாடு தலைமையில் தேர்தல் வழியாகக் கம்யூனிஸ்டு அமைச்சரவை பதவியேற்றது. குடிவாரத்தாரை நிலத்திலிருந்து வெளியேற்றுவதை அது உடனே தடைசெய்தது. நியாயமான நிலச் சீர்திருத்தத்துக்கு அடியிட்டது. அதே அரசின் காலத்தில், 1958 ஜூலையில், கொல்லத்தை அடுத்த சந்தனத்தோப்பில் முந்திரித் தொழிலாளர் கிளர்ச்சியில் போலீசார் சுட்டு இருவர் இறந்தனர். தொழிலாளர் கட்சியின் அரசு, தொழிலாளரைச் சுட்டது. மறு ஆண்டு அவ்வரசை வீழ்த்திய ‘விமோசன சமர’த்தில் கேரளச் சபைகள் பல முன்னின்றன. பள்ளிகளின்மேல் தங்களுக்கு இருந்த அதிகாரம் போய்விடும் என்பதே அவர்களை வீதிக்குக் கொண்டுவந்த முதற்காரணம். சந்தனத்தோப்பில் இறந்தவர்களுக்காக அவர்கள் அதே வேகத்தில் வீதிக்கு வந்தார்களா என்று நாம் கேட்டுக்கொள்வது நல்லது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். நம் அரசியலமைப்பின் முகப்புரையில் ‘சமதர்ம’ என்னும் சொல் சேர்க்கப்பட்டது 1976இல், 42ஆவது திருத்தத்தால். நெருக்கடி நிலை நடந்துகொண்டிருந்தது, இதழ்களுக்குத் தணிக்கை, சமதர்மவாதிகள் பலர் சிறையில். சமதர்மவாதிகள் சிறையிலிருக்கச் சமதர்மம் முகப்புரைக்குள் வந்தது. அச்சொல்லை நீக்கக் கோரிய மனுக்களை 2024 நவம்பரில் உச்சநீதிமன்றம் தள்ளுபடி செய்தது. சொல் இருப்பதில் எனக்கு மகிழ்ச்சியே. அது வந்த விதத்தை மறைக்காமல் மாணாக்கருக்குச் சொல்லிவருகிறேன்.

திருச்சபை எங்கே நிற்கிறது?

எம். எம். தாமஸ் அவர்களைப்பற்றி ஒரு செய்தி உண்டு. இளமையில் அவர் மார்த்தோமா சபையில் குருப்பட்டத்துக்கும் கம்யூனிஸ்டுக் கட்சியில் உறுப்பினராவதற்கும் விண்ணப்பித்தார். மார்க்ஸியச் சார்புக்காகச் சபை மறுத்தது. கிறிஸ்தவ விசுவாசத்துக்காகக் கட்சி மறுத்தது. பிற்காலத்தில் உலகத் திருச்சபைகள் மன்றத்தின் மையக் குழுவுக்குத் தலைவராயிருந்த அவர், 1975இல் நெருக்கடி நிலை வந்தபோது அதை எதிர்த்து இடைவிடாமல் எழுதினார். சமூக நீதிக்காக உரிமைகளைச் சற்றுக் காலம் ஒதுக்கிவைக்கலாம் என்று நண்பர்கள் சிலர் சொன்னபோது அவர் இசையவில்லை. பாவம் என்பது தனிமனிதன் உள்ளத்தில் மட்டுமன்று, அதிகாரக் கட்டமைப்புகளிலும் குடியிருக்கிறது என்ற அவருடைய இறையியல் முதலாளியையும் கட்சியையும் ஒரே தராசில் நிறுத்தியது.

திருமறையில் அதிகாரம் பற்றிப் பேச முற்படும்போது நாம் சாமுவேல் முதல் நூலின் எட்டாம் அதிகாரத்துக்குப் போவது வழக்கம். அரசன் வேண்டுமென்று கேட்ட மக்களுக்கு, அவன் உங்கள் மக்களைப் படைக்கும், வயலையும் விளைச்சலில் பத்திலொன்றையும் தன் அலுவலருக்கும் எடுத்துக்கொள்வான் என்று தீர்க்கர் எச்சரிக்கிறார். மிளகுப் பண்டகசாலைக்கு அது பொருத்தமான பகுதிதான். ஆனால் நம் பொருளுக்கு இன்னும் நெருங்கிய பகுதி அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரம் என்பது என் எண்ணம். நாலாம் அதிகாரத்தில் எல்லாம் பொதுவாயிருந்தது என்பதை நாம் விரும்பிப் பிரசங்கிக்கிறோம். அதற்கு இரண்டு அதிகாரங்கள் தள்ளி நடந்ததைப் பரிசாரகர் நியமனம் என்று தலைப்பிட்டுக் கடந்துவிடுகிறோம். அங்கே உடைமை ஏற்கனவே பொதுவாகிவிட்டது. முறையீடு பங்கீட்டில் எழுந்தது: கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாட விசாரிப்பில் விடப்பட்டுப்போயினர். பொதுவுடைமைச் சமுதாயம் ஒன்றில் பங்கிடும் அதிகாரம் ஒரு பிரிவார் கையில் இருந்ததனால் வந்த குறை அது.

அப்போஸ்தலர் முறையீட்டாரை அடக்கவில்லை. நாங்களே இனிமேல் கவனமாகப் பார்த்துக்கொள்கிறோம் என்று வாக்குறுதியும் தரவில்லை. சபையாரே ஏழு பேரைத் தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். தெரிந்துகொள்ளப்பட்ட எழுவர் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். அதாவது, குறைகூறிய பிரிவாரின் கையிலேயே பந்தி விசாரிப்பு சென்றது. ஹேகில் பகூனினும் மார்க்ஸும் பிணங்கிய வினாவுக்கு எருசலேமில் ஒரு சிறு விடை கிடைத்திருந்தது எனலாம். இதை மிகைப்படுத்த வேண்டியதில்லை. அச்சபை ஒரு நாட்டை ஆளவில்லை. ஆனாலும் பள்ளிகளும், மருத்துவமனைகளும், தோட்டங்களும், நூற்றுக்கணக்கான ஊழியரும் உடைய நம் திருமண்டலங்களுக்கு அது போதுமான அளவு பெரியதே. நம் நிறுவனங்களின் உடைமை திருச்சபையினுடையது, எனவே பொதுவானது என்கிறோம். கடைநிலை ஊழியருக்குச் சம்பளம் குறிக்கும் மேசையில் அவர்களுள் ஒருவருக்கேனும் நாற்காலி உண்டா?

இதை எழுதும் தகுதி எனக்கு முழுமையாக இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் நான் ஆயராயிருந்த ஒரு சேகரத்தில் பெண்களுள் பெரும்பாலோர் அண்டி ஆபீசில் வேலை செய்தனர். கொட்டையின் எண்ணெய் விரலைப் பொத்துவிடாமலிருக்கக் கையில் சாம்பல் பூசிக்கொண்டு, குந்தியிருந்து உடைப்பார்கள். உடைத்த பருப்பின் எடைக்குக் கூலி. ஒரு நாள் மாலை ஜெபத்துக்குப் பின் ஆறேழு பேர் என்னிடம் வந்து, ஆலையின் தராசு எடை குறைத்துக் காட்டுகிறது என்றார்கள். ஆலை உரிமையாளர் சேகரக் கமிட்டியில் இருந்தவர். அறுப்பின் பண்டிகைக்குத் தாராளமாகக் கொடுப்பவர். நான் அவரைத் தனியே கண்டு பேசினேன். அவர் வருத்தப்பட்டார், தராசை மாற்றவும் செய்தார். ஞாயிறன்று அதை ஒரு சாட்சியாகப் பேசும் அளவுக்கு எனக்கு மனநிறைவு ஏற்பட்டது.

மூன்று மாதம் சென்று அவர்களுள் மூத்தவர் ஒருவர் மறுபடியும் வந்தார். புதிய தராசிலும் அதே கதைதான் என்றார். நான் திகைத்து, இனி என்ன செய்யலாம் என்று கேட்டேன்.

“தராசை மாத்தச் சொன்னீங்க ஐயா. நிறுக்கும்போது பக்கத்தில நின்னு பாக்க எங்களில ஒருத்திய விடணும்னு நீங்க சொல்லலியே” என்றார்.

அந்தக் கோரிக்கையோடு நான் மறுபடியும் உரிமையாளரைக் காணச் சென்றேன். அது மட்டும் இயலாது என்று சொல்லிவிட்டார். அடுத்த மே மாதத்தில் எனக்கு இடமாற்றம் வந்தது. சில ஆண்டுகளுக்குப் பின் அவ்வாலை மூடப்பட்டதாகக் கேள்விப்பட்டேன்.